பழைய பயிற்சி விமான மாதிரிகளில் வகை பிறழ்வு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வாளையாற்றுக்குக் கிழக்கே க.க.சாவடியிலிருந்து மேற்கே கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் வரை பழைய இராணுவப் பயிற்சி விமானங்களை மாதிரியாகச் செய்கிறவர்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள். முடித்த மாதிரியையோ பாதியில் நின்றுபோன கிட்டையோ (ஒட்டிச் செய்வதற்கான உறுப்புத் தொகுப்பு) என்னிடம் எடுத்துவந்து, ‘எங்கோ தவறு தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வரும் பிழைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவைதான். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின் அடிப்படையில் இங்கே பிரித்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு தாளில் இரண்டு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: விமானத்தின் வரிசை எண், நீங்கள் காட்ட விரும்பும் ஆண்டு. அக்காலப் போர் விமானம் பெரும்பாலும் சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றுவிடும்; பயிற்சி விமானமோ பத்தாண்டுக் கணக்கில் உழைத்து, பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்டு, இஞ்சினும் ஏரியலும் சக்கரமும் வண்ணமும் மாறி மாறி வாழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையம் இயங்கியது. அத்தகைய நிலையத்துக்குள் சென்ற விமானம், சென்ற உருவத்திலேயே வெளியே வந்தது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஹார்வர்டு என்ற அமெரிக்கப் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டால், ‘சரியான ஹார்வர்டு’ என்று பொதுவாக ஒன்று இல்லை. குறிப்பிட்ட எண்ணுடைய ஹார்வர்டு, குறிப்பிட்ட ஆண்டில் இருந்த தோற்றம் மட்டுமே உண்டு. அந்த இரு செய்திகளும் தாளில் இல்லாவிட்டால் கீழே உள்ள சோதனைகளில் பாதி பயன்படாது.

அறிகுறி 1: முடித்த ஹார்வர்டு, புகைப்படத்திலுள்ள ஹார்வர்டைப் போல் இல்லை

அதிகம் வருவது இதுதான். 1935 ஏப்ரல் 1 அன்று முதன்முதலில் பறந்த என்.ஏ-16 என்ற மூல வடிவத்திலிருந்து கிளைத்த குடும்பம் இது. அமெரிக்கத் தரைப்படையின் பி.சி-1, ஏ.டி-6, கடற்படையின் எஸ்.என்.ஜே., பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் பயன்படுத்திய ஹார்வர்டு ஆகிய எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால், கிட் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பித் தொடங்கிவிடுகிறோம். அட்டைப்பெட்டியின் பெயரும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவைதாமா என்பதே முதற் சோதனை.

சோதிக்கும் வரிசை முக்கியமானது. ஸ்பானர் கொண்டு அரை நாளில் மாற்றக்கூடிய உறுப்புகளை விட்டுவிட்டு, மாற்றுவதற்குப் பெரும்பணி தேவைப்படும் உறுப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

*பின்னுடல், இறக்கை முனை, சுக்கான்.* பின்னுடலின் பக்கவாட்டில் துணிப் போர்வையும் அதன் கீழ் நீளவாட்டுச் சட்டங்களின் வரிகளும் தெரிந்து, இறக்கை முனைகளும் சுக்கானும் வளைவாக இருந்தால், அது பி.சி-1 வழியில் வந்த ஹார்வர்டு 1. பின்னுடல் தகட்டால் ஆகி, இறக்கை முனை வெட்டியது போல் நேராகவும் சுக்கான் கோணமாகவும் இருந்தால் ஹார்வர்டு 2 அல்லது அதற்குப் பிந்தையது. இந்த இடத்தில் வகை பிறழ்ந்திருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

*தகட்டு உடல் என்று உறுதியான பிறகு.* ஹார்வர்டு 2ஏ என்பது ஏ.டி-6சி-க்கு இணையானது, 2பி என்பது கனடாவில் நூர்டைன் நிறுவனம் கட்டியது, 3 என்பது ஏ.டி-6டி-க்கு இணையானது. சி-யிலிருந்து டி-க்கு மாறியபோது நடந்த பெரிய மாற்றம் மின்சுற்று 12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்குப் போனது. அது வெளித்தோற்றத்தில் தெரியாது. எனவே இந்த மூன்றுக்கும் இடையே வெளித்தோற்றத்தில் வேறுபாடு தேடிக் களைத்துப்போக வேண்டாம். வரிசை எண்ணே தீர்ப்புச் சொல்லும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. போர்க்காலத்தில் அலுமினியத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக ஏ.டி-6சி வரிசையில் பின்னுடலை ஒட்டுப்பலகையால் செய்தார்கள். அப்படிப்பட்ட விமானத்தைச் செய்கிறீர்கள் என்றால், கிட்டில் செதுக்கியிருக்கும் ரிவெட் வரிசைகளைப் பின்னுடலில் மட்டும் நிரப்பி மழமழப்பாக்க வேண்டும்.

*கேனப்பியின் (விமானி அறையின் கண்ணாடி மூடி) பின்முனை.* பின்னால் துப்பாக்கி வீரருக்காகத் திறக்கும், பல சட்டங்கள் கொண்ட பின்முனையா, அல்லது சட்டமில்லாமல் ஒரே துண்டாக வார்த்த நிலையான முனையா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஏ.டி-6எஃப், எஸ்.என்.ஜே-6, டி-6ஜி ஆகியவற்றின் அடையாளம். டி-6ஜி என்பது 1949 முதல் பழைய உடல்களைப் பிரித்து மறுபடி கட்டியது. கேனப்பியில் சட்டங்கள் குறைவு, வால்சக்கர அமைப்பும் வேறு. 1951 முதல் கனடியன் கார் அண்ட் ஃபவுண்ட்ரி கட்டிய ஹார்வர்டு 4-உம் இந்தப் பிந்தைய சாயலையே சேர்ந்தது. 1944-ஆம் ஆண்டு வண்ணம் பூசிய மாதிரியில் டி-6ஜி கேனப்பி இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

*புகைக்குழாய்.* வலப்பக்கம் உடலை ஒட்டி நீண்டு செல்லும் புகைக்குழாய், விமானி அறையைச் சூடாக்கும் உறையுடன் இருந்தால், அது கனடாவில் பிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பரவலாக அது உண்மையே. ஆனால் அது கழற்றி மாட்டக்கூடிய பொருள். வெப்ப நாட்டுக்கு வந்த விமானத்துக்குச் சூடாக்கி எதற்கு? குழாயை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். உங்கள் எண்ணுடைய விமானத்தின் வலப்பக்கப் புகைப்படம் கிடைக்கும்வரை ஒட்டாமல் வையுங்கள். ஏரியல், புரொப்பெல்லர் முனைக்கூம்பு, சக்கர மூடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஆனால் திருத்தத்தில் செலவு குறைந்தது முதலில் வர வேண்டும். பிளாஸ்டிக்கை அறுப்பதற்கு முன் டீகாலை (எண்ணும் குறிகளும் அச்சிட்ட ஒட்டுப்படம்) மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்: செய்து முடித்த உடல் எந்த வகையோ அந்த வகையில் பறந்த வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்தால், ஒரு மாலை வேலையில் மாதிரி முழுமையாகச் சரியாகிவிடும். அந்த எண்தான் வேண்டும் என்றால் அடுத்தது கேனப்பி: மரத்தில் அச்சு செதுக்கிச் சூடான பிளாஸ்டிக் தகட்டை இழுத்து வார்க்கலாம். இறக்கை முனையைப் புட்டியும் தகடும் கொண்டு மாற்றலாம். பின்னுடல் முழுவதுமே வேறு என்றால் நிறுத்துங்கள். அதைச் செதுக்குவதைவிட வேறு கிட் வாங்குவது மலிவு. தானமாக இன்னொரு கிட்டின் பின்னுடல் கிடைத்தால் மட்டுமே வெட்டி ஒட்டுவதில் பொருள் உண்டு.

அறிகுறி 2: வண்ணம் சரி, எண் சரி, ஆனாலும் கிரண் பொய்யாகத் தெரிகிறது

கிரண் என்பது இந்திய ஜெட் பயிற்சி விமானம். பெரும்பாலும் இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரணின் வண்ணத்தை மார்க் 1 (முதல் வகை) உடலில் பூசியிருப்பார்கள். 1996-இல் பீதரில் தொடங்கிய அக்குழு கிரணில் பறந்த காலமெல்லாம் மார்க் 2-இல் பறந்தது. 1964 செப்டம்பர் 4 அன்று முதன்முதலில் பறந்த கிரண், வைப்பர் இஞ்சினுடன் தொடங்கியது. 1976 ஜூலை 30 அன்று பறந்த மார்க் 2-இல் ஆர்ஃபியஸ் இஞ்சின் வந்தது.

மூன்றே இடங்களைப் பாருங்கள். இறக்கையின் அடியில் ஆயுதம் தொங்கவிடும் தாங்கிகள்: மார்க் 1-இல் கிடையாது, மார்க் 1ஏ-வில் பக்கத்துக்கு ஒன்று, மார்க் 2-இல் பக்கத்துக்கு இரண்டு. மூக்கு: மார்க் 2-இல் இரண்டு 7.62 மி.மீ. துப்பாக்கிகளுக்கான துளைகள் உண்டு. பின்முனைக் குழாய்: இஞ்சின் வேறு என்பதால் புகைப்படத்துடன் ஒப்பிட்டுக் கடைந்துகொள்ள வேண்டும். தாங்கி செய்வது ஓர் இரவு வேலை, மூக்குத் துளையும் அப்படியே. பின்முனைக் குழாய்க்கு மட்டும் கஞ்சிக்கோட்டில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் அலுமினியத் துண்டும் அளவும் கொடுத்துவிடுவது நல்லது. மெல்லிய வளையத்தைக் கையால் வட்டமாகச் செய்ய முயன்று வீணாக்குவதில் இலாபம் இல்லை.

அறிகுறி 3: ஹெச்.டி-2-இன் மூக்கு அகன்றோ ஒடுங்கியோ காண்கிறது

டாக்டர் வி.எம்.கட்டகே வடிவமைத்து 1951 ஆகஸ்டில் பறந்த இந்த இந்தியப் பயிற்சி விமானம், ஜிப்ஸி மேஜர் இஞ்சினுடன் தொடங்கி, உற்பத்தியில் 155 குதிரைத்திறன் சிர்ரஸ் மேஜர் 3 இஞ்சினைப் பெற்றது. இரண்டுமே தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்டவை. அதனால் மூக்கு ஒடுக்கம். பிற்காலத்தில் சில விமானங்களுக்கு லைகோமிங் இஞ்சின் பொருத்தினார்கள். அதில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் மூக்கு அகன்றுவிடும். தாளில் எழுதிய ஆண்டு இங்கேதான் உடனடியாகக் கைகொடுக்கும். தவறான மூக்கு என்றால் இஞ்சின் தடுப்புச் சுவர் வரை வெட்டிப் புதிய மூக்கைப் பால்சா மரத்தில் செதுக்குங்கள். சிறிய பகுதி என்பதால் கை பழகியவருக்குக் கடினமில்லை.

அறிகுறி 4: டைகர் மோத், ஆண்டுக்குப் பொருந்தவில்லை

டைகர் மோத் என்பது இரட்டை இறக்கை கொண்ட பிரிட்டிஷ் பயிற்சி விமானம். அதன் வால் தட்டுக்கு முன்னால் உடலின் இருபுறமும் நீண்ட மெல்லிய பட்டைகள் இருக்கின்றனவா? சுழற்சியிலிருந்து மீள உதவும் அந்தப் பட்டைகள் 1941 முதல் வந்தவை. 1939-ஆம் ஆண்டு வண்ணத்தில் செய்தால் அவற்றை நீக்க வேண்டும். போருக்குப் பிறகு தனியார் கைக்குப் போன பல விமானங்களில் அவற்றைக் கழற்றிவிட்டார்கள் என்பதால், இன்று பறக்கும் விமானத்தைப் பார்த்து 1943-ஐத் தீர்மானிக்கவும் கூடாது.

உடலின் மேற்புறம்: டி.ஹெச்.82 என்றால் பின்புறத்தில் துணியும் அதன் கீழ் வரிகளும் தெரியும், டி.ஹெச்.82ஏ என்றால் ஒட்டுப்பலகையால் மூடிய மழமழப்பான முதுகு. மூடிய கேனப்பியும் வால்சக்கரமும் இருந்தால் அது கனடாவின் 82சி. இந்தியாவில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் போர்க்காலத் தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்திய டைகர் மோத்தைச் செய்கிறவர், மலிவாகக் கிடைத்தது என்று 82சி கிட் வாங்கிவிட்டால், கேனப்பியை நீக்குவதோடு வேலை முடியாது. சக்கரக் கால்களின் சாய்வும் வேறு. கிட்டை மாற்றிக்கொள்வதே சரி.

மேல் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தும் கீழ் இறக்கைக்கு முன்னால் தள்ளியும் இருக்க வேண்டும். ஏலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகைகள்) கீழ் இறக்கையில் மட்டுமே. இரு இறக்கைகளையும் இணைக்கும் கம்பிகளைக் காட்ட மாதிரியில் கட்டிய நூல் தொய்ந்தால் முதலில் அதன் வகையைப் பாருங்கள். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு என்றால் ஊதுபத்தி முனையை அருகில் காட்டினால் இறுகும், தொட்டால் அறுந்துவிடும். பருத்தி நூலை இந்த வட்டாரத்தில் பயன்படுத்த வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு நீளம், வெயிலில் இன்னொரு நீளம்.

அறிகுறி 5: அளவு ஒத்துவரவில்லை

முதலில் கிட்டைக் குறை சொல்லாதீர்கள். வரைபடத்தை நகலெடுக்கும் இயந்திரம் ஒரு திசையில் சற்றே இழுத்திருக்கும். வரைபடத்தில் அச்சிட்ட அளவுகோலையே வெர்னியரால் அளந்து பாருங்கள், அதுவும் குறுக்கிலும் நெடுக்கிலும். அடுத்து, இறக்கையின் இரு முனைகளுக்கு இடையே நேர்கோட்டில் அளக்கிறீர்களா, மேற்பரப்போடு ஒட்டி அளக்கிறீர்களா என்று பாருங்கள். இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒன்றாக இராது.

ஒப்பிடுவதற்கான அளவுகள் இவை. ஹார்வர்டின் இறக்கை விரிவு 12.81 மீட்டர்: 1/72 அளவு மாதிரியில் (உண்மையில் 72-இல் ஒரு பங்கு) 178 மி.மீ., 1/48-இல் 267 மி.மீ., 1/32-இல் 400 மி.மீ. டைகர் மோத் 8.94 மீட்டர்: 1/72-இல் 124, 1/48-இல் 186. கிரண் 10.70 மீட்டர்: 1/72-இல் 148.6. ஹெச்.டி-2 10.72 மீட்டர், ஆகவே 1/72-இல் கிரணுக்கும் இதற்கும் விரிவு ஏறக்குறைய ஒன்றே.

ரெசினில் வார்த்த சிறு உற்பத்திக் கிட்களில் சுருக்கம் வருவது இயல்பு. நீளம், விரிவு, உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் அது சுருக்கம், ஒன்றரை மி.மீ. வரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து, ஏனெனில் கண் விகிதத்தைப் பார்க்கிறது, மொத்த அளவை அல்ல. விகிதம் மாறியிருந்தால்தான் திருத்த வேண்டும். இறக்கை வளைந்திருந்தால் வெந்நீரில் சிறிது நேரம் வைத்துக் கண்ணாடித் தட்டில் அழுத்திக் குளிரவிடுங்கள். இவை எல்லாவற்றையும் தாண்டி அளவு பொருந்தாதபோது, கோயம்புத்தூரில் முப்பரிமாண அச்சு செய்து தருபவர்களிடமோ வார்ப்படத்துக்கு மர அச்சு செய்பவர்களிடமோ அந்த ஓர் உறுப்பை மட்டும் செய்யக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் உங்கள் அளவுகளை இன்னொருவர் சரிபார்த்திருக்க வேண்டும்.

அறிகுறி 6: மஞ்சள் நிறம் தவறாகத் தெரிகிறது, அல்லது ‘புகைப்படத்தில் விமானம் கறுப்பாக இருக்கிறதே’ என்ற கேள்வி எழுகிறது

பயிற்சி விமானத்தின் மஞ்சளைப் பற்றி எழும் வாதங்களில் பெரும்பகுதி பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து வருகிறது. அக்காலத்தில் பயன்படுத்திய ஒருவகைப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. மஞ்சளும் கரும்சாம்பலாக விழும், நீலமோ வெளிறிவிடும். படத்தை வைத்து நிறத்தைச் சொல்வதற்கு முன் அதே படத்திலுள்ள வட்டக்குறியை (விமானப்படையின் வட்ட அடையாளம்) பாருங்கள். நடுவிலுள்ள சிவப்பு கறுப்பாகவும் சுற்றியுள்ள நீலம் வெளிறியும் இருந்தால், அந்த ‘கறுப்பு’ விமானம் முழு மஞ்சளாகவே இருக்கக்கூடும். நீலமும் சிவப்பும் இயல்பான அடர்த்தியில் இருந்தால் மட்டுமே கரும்பச்சையையோ பழுப்பையோ எண்ணத் தொடங்குங்கள். கிழக்காசியப் போர்முனையில் ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பாதிருக்கச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள் என்பதால், சிவப்பு இல்லாத வட்டக்குறி இருந்தால் இந்தச் சோதனையை நீலத்தை மட்டும் கொண்டு செய்ய வேண்டும். வட்டக்குறி ஆண்டையும் சொல்லும்: சுதந்திரத்துக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரம், பிறகு வெளியே காவி, இடையில் வெள்ளை, நடுவில் பச்சை.

பூசிய மஞ்சள் திட்டுத்திட்டாக இருந்தால் காரணம் அடிப்பூச்சு. மஞ்சளுக்கு மூடும் திறன் குறைவு. சாம்பல் பிரைமர் மேல் பூசினால் பச்சை கலந்தாற்போல் வரும். வெள்ளையோ வெளிர் இளஞ்சிவப்போ அடியில் கொடுத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். கிரணின் ஒளிரும் செம்மஞ்சளுக்கு வெள்ளை அடிப்பூச்சு கட்டாயம். அந்த ஒளிரும் வண்ணம் வெயிலில் வேகமாக வெளிறிவிடும் என்பதால், பணியிலிருந்த விமானத்தைக் காட்டும்போது பட்டைகளைச் சற்றே வெளிறச் செய்தால்தான் உண்மைக்கு நெருங்கும்.

டைகர் மோத்தில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. போர்க்கால உருமறைப்பில் கீழ் இறக்கையின் மேற்பரப்புக்கு, மேல் இறக்கையின் நிழலை ஈடுசெய்ய, அதே நிறங்களின் வெளிர்ந்த வகையைப் பூசினார்கள். நான்கு நிறங்கள் வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் பூசினால் மாதிரி தட்டையாகத் தெரியும். எங்கே குறை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது.

அறிகுறி 7: பூச்சு பால்போல் வெளுக்கிறது, அல்லது உப்புத்தாள்போல் சொரசொரக்கிறது

இரண்டும் பாலக்காட்டுக் கணவாயின் காற்றைப் பொறுத்தவை. இடவப்பாதி மழையில் லாக்கர் பூச்சு ஈரத்தை இழுத்து வெளுக்கும். மழை விடும்வரை காத்திருப்பதே மலிவு; அவசரம் என்றால் மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னரை மட்டும் மெல்லியதாகத் தெளித்தால் வெளுப்பு பெரும்பாலும் மறையும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் வண்ணம் பரப்பை அடையும் முன்பே உலர்ந்து சொரசொரக்கும். விடியற்காலையில் ஜன்னலை மூடிக்கொண்டு பூசுங்கள், தெளிப்பானை அருகில் கொண்டுவாருங்கள், ரிடார்டர் சில துளி சேருங்கள். இவற்றுக்கு அடங்காத சொரசொரப்பு என்றால் ஏர்பிரஷ் முனை தேய்ந்திருக்கும்.

டீகால் அடியில் வெள்ளி பூத்தாற்போல் தெரிந்தால், அடிப்பரப்பு மினுமினுப்பாக இல்லை என்று பொருள். ஊசியால் குத்தி டீகால் கரைசல் விடுங்கள். கேனப்பிக் கண்ணாடி பனிமூட்டம் போல் மங்கினால் சூப்பர் குளூவின் ஆவிதான். நுண்ணிய பாலிஷால் தேய்த்துப் பாருங்கள், அடுத்த முறை வெள்ளைப் பசை போதும்.

அறிகுறி 8: கிரண் வாலில் உட்காருகிறது

மூக்கில் எடை போதவில்லை. உடலை ஒட்டும் முன் என்றால் எளிது. ஒட்டிய பின் என்றால் மூக்குச் சக்கர அறையின் கூரையில் துளையிட்டு எடையை உள்ளே விட்டு எப்பாக்ஸியால் நிறுத்துங்கள். தூண்டில் ஈயக்குண்டை வெள்ளைப் பசையில் பதிக்கவே கூடாது. அப்பசையிலிருந்து எழும் அமிலம் ஈயத்தை அரித்து ஊதச்செய்து, சில ஆண்டுகளில் மூக்கின் இணைப்பையே பிளந்துவிடும். லேத் பட்டறைகளில் கிடைக்கும் பித்தளைத் துணுக்கு ஈயத்தைவிடப் பாதுகாப்பானது.

அறிகுறி 9: காட்சிக்கு நிறுத்திய முழு அளவு விமானத்தில் வண்ணம் கொப்பளிக்கிறது

பள்ளி வாசலிலும் பூங்காவிலும் நிற்கும் ஓய்வுபெற்ற பயிற்சி விமானங்களைச் சீர்செய்ய உதவி கேட்டு வருகிறார்கள். உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே கை வையுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்த விமானத்தளத்தின் வேலி வழியாகவும் படம் எடுக்க வேண்டாம். அது சட்டப்படி தடை.

எளிய காரணம் வடிகால் துளைகள் அடைபட்டிருப்பது. இறக்கையின் அடியிலும் உடலின் அடியிலும் உள்ள சிறு துளைகளைக் குளவிக் கூடும் மண்ணும் அடைத்துவிட, மழைநீர் உள்ளேயே தங்குகிறது. மூங்கில் குச்சியால் திறந்துவிடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். அடுத்தது அழுக்கின் மேலேயே பூசிய வண்ணம்: கொப்புளத்தைத் திறந்தால் அடியில் தகடு சுத்தமாக இருக்கும். வெள்ளைப் பொடி வந்தால் அலுமினியம் அரிக்கிறது. ரிவெட் வரிசையையொட்டி தகடு ஏடு ஏடாகப் பிரிந்தால் அந்தத் தகட்டைக் காப்பாற்ற முடியாது. சிவப்புக் கறை வழிந்தால் எஃகு. ஹார்வர்டில் இஞ்சின் சுவரிலிருந்து விமானி அறைகள் வரையுள்ள சட்டகம் பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆனது. உள்ளே துருப்பிடித்த குழாயைச் சுத்தியல் பிடியால் தட்டினால் ஒலி மங்கும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடங்களில் தயக்கம் கூடாது. தூணின் மேல் ஏற்றிய விமானத்தில், தாங்கும் இணைப்பிலிருந்து சிவப்புக் கறை இறங்கினாலோ விரிசல் தெரிந்தாலோ, கீழே குழந்தைகள் நடமாடுவதை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். கிரணில் மார்ட்டின்-பேக்கர் வெளியேற்று இருக்கைகள் உண்டு; வெடிப்பொதிகள் நீக்கப்பட்டன என்று விமானப்படையின் எழுத்துச் சான்று இல்லாமல் விமானி அறைக்குள் காலே வைக்கக் கூடாது. போர்க்கால அளவுமானிகளில் இருளில் ஒளிரும் முட்கள் ரேடியம் பூசியவையாக இருக்கும். ஒளி அணைந்துபோனாலும் கதிர்வீச்சு அணையாது. ரேடியம்-226-இன் அரைவாழ்வு 1600 ஆண்டுகள். கண்ணாடி உடைந்த மானியைத் தொடாமல் அறையை மூடிவிட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு அறிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

அறிகுறி 10: நிற்கும் விமானத்தின் எண் ஒன்று, உறுப்புகள் சொல்வது வேறு

முதற் காரணம் வண்ணக்காரர்: முந்தைய பராமரிப்பில் எண்ணைத் தவறாக எழுதியிருப்பார். விமானி அறையில் உற்பத்தித் தகடு இருக்கிறதா, சக்கர அறையிலும் மூடிகளின் உட்புறத்திலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது காரணம், பல விமானங்களிலிருந்து சேர்த்த உடல் அது என்பது. ஹார்வர்டு குடும்பத்தில் உறுப்பெண்ணின் முதல் இலக்கங்கள் அந்த உறுப்பு முதலில் எந்த வடிவமைப்புக்காக வரையப்பட்டதோ அதைக் குறிப்பவை. 36 என்று தொடங்கினால் பி.சி-1 காலத்து வரைபடம். 88 என்றால் ஏ.டி-6சி, டி காலத்தது. பழைய வரைபடத்து உறுப்பையே பிந்தைய விமானத்திலும் பொருத்தினார்கள். எனவே 36 என்ற எண்ணைக் கண்டதும் ‘இது ஹார்வர்டு 1’ என்று அறிவித்துவிடக் கூடாது. உறுப்பெண்ணால் ஓர் உறுப்பு அந்த வரைபடத்தைவிட முந்தையது அல்ல என்று மட்டுமே சொல்ல முடியும்.

கலப்பு உடல் என்று தெரிந்தால், பணியிலேயே கலந்ததா, காட்சிக்காகக் கலந்ததா என்பதைப் பிரித்தறிவது அவசியம். பணியில் கலந்தது அந்த விமானத்தின் உண்மையான வரலாறு, அதை ‘திருத்த’ கூடாது; காட்சிக்காகச் சேர்த்ததை மாற்றலாம். இதை அறிய வண்ண அடுக்குகளே துணை. அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளில், கண்ணில் படாத இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரமான நுண்ணிய உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையங்களாகத் தெரியும். இரு உறுப்புகளிலும் வளையங்களின் வரிசை ஒன்றாக இருந்தால் அவை நெடுங்காலம் ஒன்றாகப் பறந்தவை. மேல் அடுக்கு மட்டும் ஒத்து அடியிலுள்ளவை வேறாக இருந்தால் பின்னால் சேர்ந்தவை. அளவுகோலும் நிற அட்டையும் அருகில் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே வண்ணம் உரிக்கத் தொடங்குங்கள். அடியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஓர் அடுக்கு வந்தால் அது குரோமேட் பிரைமராக இருக்க வாய்ப்பு மிகுதி. அதன் தூசு புற்றுநோய் தரக்கூடியது. அந்த அடுக்கைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்து அதைப் பையில் கட்டி வைத்துவிட்டு, மீதி உரிப்பு வேலையை உரிய முகமூடியும் கழிவு அகற்றும் ஏற்பாடும் உள்ள தொழில்முறைப் பூச்சுப் பட்டறையிடம் கொடுங்கள்.